ஒன்பது மேமலையின் சிவப்பு வட்டம்

காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு வட்டம். விரிசல் விழுந்த கைப்பேசித் திரையில், பத்து ரூபாய் நாணயத்தின் அளவில், விளிம்பு பிசிறாமல் நிறைந்திருந்தது. அதன் மேல் ஒரு மழைத்துளி நின்றது. கைப்பேசியைப் பிடித்திருந்த கை யானைக் காவலருடையது. எஸ்டேட்டில் அவரை வாச்சர் என்பார்கள். கட்டைவிரல் நகத்துக்குள் மண் இருந்தது. வட்டத்துக்கு இடப்பக்கம் 'ஒன்பது மேமலை' என்றும், வட்டத்துக்குக் கீழே 'யானை நிற்கிறது' என்றும் எழுதியிருந்தது. இரண்டும் நான் எழுதியவை. வட்டமும் நான் வரைந்தது.

“மூணு உருப்படி நிக்குது மேடம். ஒண்ணு குட்டி,” என்றார் வாச்சர். சொல்லிவிட்டு அடுத்த வரிசையில், 'ஒன்பது கீழ்மலை'க்கு நேராக, பச்சை வட்டத்தைத் தொட்டார். அதுவும் நிறைந்தது. கீழே இருந்த 'அனுப்பு' என்ற கட்டத்தை அழுத்தினார். 'சேர்ந்துவிட்டது' என்று வந்தது. அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தபடி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பக்கம் நடந்தார். இரவு முழுக்க நடந்தவர். அவருடைய வேலை அத்தோடு முடிந்தது.

சேரம்பாடிக்கு மேலே இருக்கும் ஒரு தனியார் எஸ்டேட் அது. கேரள எல்லை மிக அருகே. ஜூலை மாதம், ஒரு வாரமாக மழை விடவில்லை. நான் நின்றிருந்த இடம் பெரட்டுக் களம். காலை ஏழு மணிக்குத் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள், யார் எந்தப் பகுதிக்குப் போய்க் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புவார்கள். அங்கிருப்பவர்களில் பாதிப்பேர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை. தேயிலைப் பகுதியை அவர்கள் மலை என்றே சொல்வார்கள். நாலாம் நம்பர் மலை, ஒன்பதாம் நம்பர் மலை.

நான் கோவையில் ஒரு நாளிதழில் பதினாறு வருடம் துணை ஆசிரியராக இருந்தவள். இப்போது குன்னூரில் வீட்டிலிருந்து இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிறேன். இந்த எஸ்டேட்டுக்காகச் செய்தது ஒரு சின்னச் செயலி. இரவுச் சுற்று முடிந்து இறங்கும் வாச்சர்கள் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பதில் தர வேண்டும்: யானை நிற்கிறது, யானை இல்லை, தெரியவில்லை. மூன்றில் ஒன்று. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் டிவியில் அது சிவப்பு, பச்சை, மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்து ஆட்களை அனுப்புவார்கள்.

அதுவரை இருந்த முறை வேறு. வாச்சர் பெரட்டுக் களத்துக்கு வந்து, கூட்டத்தின் முன்னால் நின்று, வாயால் சொல்வார். எந்த மலையில் நிற்கிறது, எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது, குட்டி உண்டா என்று எல்லாம் சொல்வார். பெண்கள் கேள்வி கேட்பார்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். செயலி வந்த நாளிலிருந்து வாச்சர் களத்தில் நிற்க வேண்டியதில்லை என்று ஆனது. அது ஆறாவது நாள்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இந்த வட்டத்துக்கு ரேடியோ பட்டன் என்று பெயர். எந்த உலாவியிலும் அது தயாராகவே இருக்கும், ஆனால் கேழ்வரகு அளவில் இருக்கும். முதல் நாள் அதைத்தான் வைத்துக் கொடுத்தேன். ஈர விரலால் வாச்சர் தொட்டது ஒன்று, விழுந்தது வேறொன்று. இன்னொரு வாச்சருக்கு எழுத்து வாசிக்க வராது. நிறம் இருந்தால் போதும் என்றார். அதனால் அசல் பட்டனைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அதன் மேல் பெரிய வட்டங்களை வரைந்தேன். தொட்டால் நிறம் மையத்திலிருந்து விளிம்புக்கு மெதுவாகப் பரவும். அந்தப் பரவலுக்கு மட்டும் ஒரு முழுப் பகல் செலவழித்தேன். நாளிதழில் முதல் பக்கத்தை அமைக்கும்போது வந்த அதே சந்தோஷம் அதில் இருந்தது.

அதை முதன்முதலில் களத்தில் காட்டியபோது கொழுந்தெடுக்கும் பெண்கள் கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி சொன்னாள், “பாத்தியா, யானைக்கே பொட்டு வச்சு விட்டிருக்காங்க.” சிரித்தார்கள். அன்றிலிருந்து சிவப்பு வட்டத்துக்குப் பொட்டு என்று பெயர் வந்துவிட்டது. பொட்டு வச்சாச்சா என்று வாச்சரைக் கேலி செய்வார்கள். முதலில் பொட்டு என்று சொன்னவள் அவருடைய மனைவியேதான். அவளும் கொழுந்தெடுப்பவள், அவர் இரவில் வேலைக்குப் போய், அவள் பகலில் போவதால், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே லயத்து வாசலில் சில நிமிடம்தான் என்று அவளே சொல்லியிருந்தாள். அந்தச் சில நிமிடமும் இந்த வாரம் இல்லை. கடுமழையில் சுற்று தாமதமாகி, அவர் வீடு சேர்வதற்குள் அவள் களத்துக்குக் கிளம்பியிருப்பாள்.

அன்று நான் சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு அலுவலகத்தின் உள்ளறைக்குப் போய்க் குறிப்பேட்டில் எழுதினேன். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு நன்றாகத் தெரிகிறது, ஈர விரல் பிரச்சினை தீர்ந்தது, இப்படி. வெளியே பெரட்டு நடக்கும் சத்தம் கேட்டது. எழுதி முடித்து, பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். மணி ஏழு பதினொன்று. களம் காலியாக இருந்தது. சுவர் டிவியில் பதினான்கு வரிசைகள். ஒன்பது மேமலைக்கு நேராகப் பச்சை.

செய்தி அறையில் கற்ற பழக்கம் ஒன்று உண்டு. இரண்டு பிரதிகள் வேறுபட்டால், எது சரி என்று யோசிப்பதற்கு முன், எதை வைத்து அச்சடித்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஆட்களைப் பிரித்து அனுப்பும் ஃபீல்டு ஆபீசர் மேசையில் பேரேட்டை மூடிக்கொண்டிருந்தார். கோத்தகிரிக்காரர், முப்பது வயதுக்குள் இருப்பார். ஒன்பது மேமலைக்கு ஆள் போயிருக்கிறதா என்று கேட்டேன்.

“போயாச்சுங்க மேடம். பதினோரு பேரு. அஞ்சு நிமிசம் ஆச்சு, குறுக்கு வழியில போயிருக்காங்க.”

“அங்கே யானை நிற்கிறது.”

அவர் டிவியைத் திரும்பிப் பார்த்தார். “பச்சைதானுங்களே காட்டுது.”

“பச்சை தப்பு. வாச்சர் சிவப்பு போட்டதை நான் பார்த்தேன்.”

அவருக்குச் செயலியின் மேல் இருந்த நம்பிக்கை நான் சொல்லிச் சொல்லி வளர்த்தது. அது உடைய இரண்டு வினாடி ஆயிற்று. பிறகு கைப்பேசியை எடுத்து, கூடவே கொழுந்தெடுக்கும் அந்தக் குழுவின் மேற்பார்வைக்காரிக்கு அழைத்தார். மேமலைப் பக்கம் டவர் கிடையாது. மீண்டும் அழைத்தார். பிறகு மேசை ஃபோனில் பேக்டரிக்கு அழைத்து, சங்கு ஊதத் தயாராக இருங்கள் என்றார். வேளை தவறிச் சங்கு ஊதினால் எல்லா ஆளும் இறங்கிவிட வேண்டும் என்பது அந்த எஸ்டேட்டின் வழக்கம். ஆனால் ஊதச் சொல்வதற்கு முன் வாச்சரைக் கேட்க வேண்டும் என்றார். அது அவருடைய நல்ல முடிவு. இதை எழுதும் இடத்தில் எல்லாம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு பதினான்குக்கு ஜீப் கிளம்பியது, ஃபீல்டு ஆபீசர் ஓட்டினார், நான் பக்கத்தில். லயம் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. வாச்சர் வாசல் குழாயடியில் காலில் உப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் சொன்னது, “நான் போட்டேனே.” கைப்பேசியை எடுத்து நீட்டினார். சிவப்பு அப்படியே இருந்தது. அதன் கீழ் வரிசையில் பச்சையும் இருந்தது. பிறகுதான் அவர் முகம் மாறியது. “அவ அந்த செட்லதான் போறா,” என்றார்.

ஃபீல்டு ஆபீசர் சங்கைப் பற்றிக் கேட்டார். வாச்சர் சட்டையை மாட்டிக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஏறினார். “சங்கு வேணாம். வெடியும் வேணாம். குட்டி இருக்கு. சத்தம் கேட்டா கீழதான் எறங்கும். அதுக எறங்குற வழியிலதான் இவங்க ஏறுவாங்க.”

நடந்து போகும் குறுக்கு வழி பதினைந்து நிமிடம். ஜீப் ரோடு ஐந்து வளைவு சுற்றிப் போகும். மழையில் பத்து நிமிடம். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேரும். மூடுபனியில் முகப்பு விளக்கின் வெளிச்சம் ஆறடிக்கு மேல் போகவில்லை.

ஜீப் பழையது. முன்பலகையில் ஒரு ரேடியோ, வேலை செய்வதில்லை, ஆனால் ஐந்து பட்டன்களும் இருந்தன. மூன்றாவது பட்டன் உள்ளே அழுந்தியிருந்தது. நான் ஏன் அதைத் தொட்டேன் என்று தெரியவில்லை. முதல் பட்டனை அழுத்தினேன். அது உள்ளே போனது. மூன்றாவது தானாக வெளியே வந்தது. ஒன்றை அழுத்தினால் மற்றொன்று வெளியே வந்துவிடும். செயலியில் இருக்கும் பட்டனுக்கு ரேடியோ என்ற பெயர் வந்ததே இதனால்தான். அந்த இடத்தில், இரண்டாவது வளைவில், என் தவறு எனக்குத் தெரிந்தது.

ஒன்பதாம் நம்பர் அலுவலக வரைபடத்தில் ஒரே மலை. ஆனால் நடுவே ரோடு வெட்டிப் போகிறது. கொழுந்தெடுப்பவர்களும் வாச்சர்களும் அதை ஒரு மலையாகச் சொல்வதே இல்லை. ரோட்டுக்கு மேலே மேமலை, கீழே கீழ்மலை. யானை ரோட்டைத் தாண்டத் தயங்கும். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் வேலை நடக்கும். அதனால் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள் என்று இரண்டு நாள் முன்பு வாச்சரே கேட்டார். நான் ஒன்பதின் வரிசையை அப்படியே நகல் எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி, இரண்டு வரிசையாக்கினேன். பதினைந்து நிமிட வேலை.

ஒவ்வொரு வரிசையின் பட்டன்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழுப் பெயர் உண்டு. ஒரே குழுவில் ஒரு பட்டன்தான் அழுந்தியிருக்க முடியும். நகல் எடுத்தபோது குழுப் பெயரும் சேர்ந்து நகலானது. ஆக, மேமலையும் கீழ்மலையும் திரையில் இரண்டு வரிசை. உள்ளே ஒரே குழு. வாச்சர் கீழ்மலைக்குப் பச்சை போட்ட கணத்தில் மேமலையின் சிவப்பு வெளியே வந்துவிட்டது.

உலாவியின் அசல் வட்டமாக இருந்திருந்தால் அவர் கண் முன்னாலேயே சிவப்பு அணைந்திருக்கும். அவர் கேட்டிருப்பார். ஆனால் அசல் வட்டத்தை நான் மறைத்திருந்தேன். மேலே வரைந்த வட்டம் அசல் பட்டனிடம் எதையும் கேட்பதில்லை; விரல் தொட்டதும் நிறம் பூசிக்கொள்ளும், அந்த வரிசையில் இன்னொன்றைத் தொட்டால் மட்டும் அணையும். அடுத்த வரிசையில் நடந்தது அதற்குத் தெரியாது. மேமலைக்குப் பதிலே போகவில்லை. பதில் வராத இடத்தில் முந்தைய நாள் பதிலைக் காட்டு என்று வைத்ததும் நானே; டவர் அடிக்கடி போகும் ஊர் என்பதால் அப்படிச் செய்தேன். முந்தைய நாள் பதில் பச்சை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். இரண்டு வரிசையிலும் பச்சையைப் போட்டு அனுப்பினேன். டிவியில் இரண்டும் பச்சையாக வந்தன; மேமலையின் பச்சை முந்தைய நாளுடையது என்று எனக்குத் தெரியாது. சரி என்று டிக் அடித்தேன். சிவப்பு போட்டுப் பார்க்கவில்லை.

இதில் எதையும் ஜீப்பில் சொல்லவில்லை. சொல்லிப் பயன் இருந்த நேரம் அல்ல. வாச்சர் பின்னாலிருந்து இரண்டு முறை, அழுத்திப் பிடிங்க என்றார். ஃபீல்டு ஆபீசர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார்.

ஏழு இருபத்தைந்துக்கு மேமலையின் அடியில், ரோட்டுக்குக் கீழே மழைநீர் போகக் கட்டிய கல்வெர்ட்டை அடைந்தோம். என்ஜினை அணைக்கச் சொன்னார் வாச்சர். கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். கொழுந்தெடுக்க ஏறுபவர்கள் சோற்றுப் பைகளை அதன் தாழ்ந்த கிளைகளில் மாட்டிவிட்டுப் போவார்கள். எண்ணினேன். பதினொன்று. ஒரு பை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வாச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நானும் கேட்டேன். அந்த எஸ்டேட்டில் இப்போது கையால் கிள்ளுவதில்லை, கத்திரியால் வெட்டுகிறார்கள். பெரிய கத்திரி, பக்கவாட்டில் கொழுந்து விழ ஒரு தகரப் பெட்டி. மலைக்குள் கால் வைத்த உடனே சத்தம் ஆரம்பிக்கும். பனியில் ஆள் தெரியாது. கத்திரிச் சத்தத்தை வைத்துத்தான் பக்கத்து ஆள் எங்கே என்று அறிவார்கள். அதோடு பேச்சும் நிற்காது, யானை காதில் விழட்டும் என்று வேண்டுமென்றே உரக்கப் பேசுவார்கள். பதினொரு பேர் ஏறியிருக்கும் மலையில் அப்போது கத்திரிச் சத்தமும் இல்லை, பேச்சும் இல்லை. இலையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

“பாத்துட்டாங்க,” என்றார் வாச்சர். மிக மெதுவாக. “அசையாம நிக்கிறாங்க.”

ஃபீல்டு ஆபீசர் உள்ளே போகலாமா என்று சைகையில் கேட்டார். வாச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். பனி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தார். மேலிருந்து எங்களை நோக்கி வந்தது. “காத்து நம்ம பக்கம். நம்ம வாடை அதுக்குப் போகாது,” என்றார். செருப்பைக் கழற்றி கல்வெர்ட்டின் மேல் வைத்தார். புதர்களுக்கிடையே பத்தடி ஏறி நின்றார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் பாதிதான் தெரிந்தது.

மேலே எங்கோ ஒரு மரக்கிளை முறிந்தது. ஒரு முறை. அதன் பின் மூச்சு விடுவது போல ஒரு சத்தம், மிக அருகில் கேட்டது. ஆனால் பனியில் தூரம் தெரியாது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தொன்பது. செய்தியாளர் யாராவது இப்படி வந்து சொன்னால், மணியை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டிருப்பேன். கை தானாகத் திரும்பியது. வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஏழு முப்பத்தொன்றுக்கு முதல் பெண் வந்தாள். முகம் மலையைப் பார்த்திருக்க, பின்னோக்கி நடந்து, காலால் வழி தேடி இறங்கினாள். கையில் எதுவும் இல்லை. வாச்சரைத் தாண்டும்போது அவர் அவள் தோளைத் தொட்டு எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்து இருவர், கைகோத்தபடி. நான்காவது மேற்பார்வைக்காரி. அவள் ரோட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து, ஆறு. இரண்டு நிமிடம் யாரும் வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது வந்தவள் தனக்குப் பதினாறு வயது மகன் இருக்கிறான் என்று முந்தைய நாள் என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனாள்.

பத்து பேர். நான் மறுபடி எண்ணினேன்.

வாச்சர் இறங்கி வந்து மேற்பார்வைக்காரியின் முன் குந்தினார். கடைசி நெரை யாருக்கு என்று கேட்டார். நெரை என்பது ஒவ்வொருவருக்கும் பிரித்துவிடும் தேயிலை வரிசை; கடைசி நெரைக்காரி ரோட்டிலிருந்து ஆகத் தொலைவில் இருப்பாள்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒங்க சம்சாரத்துக்குத்தான்,” என்றாள்.

அவர் எழுந்து நின்றார். உள்ளே ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஓடினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோரையும் விட அவருக்குத் தெரியும். முன்பு நின்ற இடத்துக்கே ஏறிப் போய் நின்றார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. விரல்கள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. சட்டைப்பையில் கைப்பேசியின் வெளிச்சம் ஒரு முறை எரிந்து அணைந்தது.

ஏழு நாற்பத்திரண்டு வரை அப்படியே.

அவள் மேலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தாள். மழைநீர் வடிய வெட்டியிருக்கும் கான் வழியாக, குனிந்து, சில இடத்தில் தவழ்ந்து, கல்வெர்ட்டின் மறுபக்கம் எழுந்தாள். இடுப்பு வரை சேறு. தலையில் கட்டியிருந்த துண்டு இல்லை. முதலில் பார்த்தது ஃபீல்டு ஆபீசர். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். வாச்சர் திரும்பினார்.

அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

“பொட்டு வச்சீங்களா, இல்லையா?”

அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். சிவப்பு இருந்தது. அவள் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். “செவப்பு வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் எங்கள ஏத்தினாங்க?” அவர் என் பக்கம் திரும்பினார்.

அவர் சரியாகத்தான் போட்டார், நான் செய்ததில்தான் தவறு, அது அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று சொன்னேன். முழு வாக்கியமாகச் சொன்னேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“இத நீங்கதான் செஞ்சதா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“ரொம்ப அழகா இருக்கு,” என்றாள். கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கல்வெர்ட்டின் மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிச் சேற்று நீரைக் கொட்டினாள்.

ஜீப்பில் இரண்டு தவணையாக எல்லோரையும் இறக்கினோம். ஒன்பது மணிக்கு எஸ்டேட் மேலாளர் கூப்பிட்டார். தொழிலாளர்கள் அவரை இன்றும் தொரை என்றுதான் சொல்வார்கள். அவர் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர். அவர் முன்னால் இருந்த கணினியில் வாச்சரின் பதிவு திறந்திருந்தது. ஒன்பது மேமலைக்கு அன்று பதில் ஏதுமில்லை. இவர் போட மறந்திருக்கலாம் அல்லவா, இரவு முழுக்க விழித்தவர், போட்டதாக நினைத்திருக்கலாம் என்றார். வாச்சர் சுவரோரம் நின்றிருந்தார். கைப்பேசியை நீட்ட அவர் கை எழுந்தது. அதற்குள் செயலித் திரை தானாகப் புதுப்பித்துக்கொண்டு, மேமலையின் வட்டம் பச்சையாகியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு கையை இறக்கிக்கொண்டார்.

நான் ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தேன். காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு வட்டம் என்று தொடங்கினேன். எட்டு வரி. குழுப் பெயர், நகல், மறைத்த பட்டன், முந்தைய நாள் பதில், எல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். பிறகு வாச்சரைப் பார்த்து, நீங்கள் போய்த் தூங்குங்கள் என்றார். என்னிடம், சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

ஒரு சொல்லை மாற்றினால் போதும். நான்கு நிமிடம் ஆனது. பூசும் நிறத்தை அசல் பட்டனிடமிருந்தே எடுக்கும்படி மாற்ற இன்னும் ஒரு மணி நேரம். பதில் வராத மலைக்கு மஞ்சள் என்று வைத்தேன். பதினான்கு வரிசையிலும் மூன்று நிறத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டு, டிவிக்கும் கைப்பேசிக்கும் நடுவே நடந்து நடந்து சரிபார்த்தேன். நிறம் மெதுவாகப் பரவுவதை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டிவியில் எல்லாம் சரியாக இருந்தது. ஃபீல்டு ஆபீசர் பிரித்துச் சொன்னார். யாரும் நகரவில்லை. நாற்பது பேர், கத்திரி இருந்தவர்கள் அதைத் தோளில் சாய்த்தபடி, நின்றார்கள். என்ன என்று கேட்டதற்கு வாச்சரின் மனைவி, “ஆள் வரட்டும்,” என்றாள். ஏழு எட்டுக்கு வாச்சர் வந்தார். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மலையாக வாயால் சொன்னார். பெண்கள் கேள்வி கேட்டார்கள். பத்து நிமிடம் ஆனது. பிறகு போனார்கள். அந்த வழக்கத்தை யாரும் மீண்டும் நிறுத்தவில்லை, செயலியும் நடக்கிறது.

யானைகள் கேரளப் பக்கம் இறங்கிவிட்டதாக அன்று மதியம் வாச்சர் சொன்னார். முந்தைய நாள் பெண்கள் மேமலையில் விட்டுவந்த கத்திரிகளை எடுக்க ஆள் போனார்கள். நானும் கூடப் போனேன். சத்தம் வராமல் ஒவ்வொருத்தியும் தன் நெரையில் கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள். பத்து கத்திரிகள் வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தன. கடைசி நெரையில் இருந்தது மிதிபட்டுத் தட்டையாக இருந்தது.